மனசு எப்படி இருக்குன்னு கேட்கிற வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடம் ராமநாதபுரம் கடற்கரையில் இளையோர் மனநல ஆய்வு ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கொஞ்ச நாள். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கொஞ்ச நாள். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தெற்குப் பக்கம்தான் அதிக நாள். சமூகப்பணியோ உளவியலோ முடித்த பிள்ளைகள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் போன் பண்ணி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே. ஆய்வின் பெயரையும் நடத்தியவர்கள் பெயரையும் சொல்லப் போவதில்லை. எல்லாம் சின்ன ஊர்கள். பெயரைச் சொன்னால் பிள்ளைகளை அடையாளம் கண்டுவிடுவார்கள். சில விவரங்களை அதற்காகவே மாற்றியும் இருக்கிறேன்.

இந்த வேலையில் என்னதான் செய்வது? கவுன்சிலிங்கா?

இல்லை. முதல் நாளே இதை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆலோசனை தருகிறவர் வேறு ஆள். பள்ளிக்கும் தெருவுக்கும் போய் ஆய்வைப் பற்றி விளக்குவது, சம்மதம் வாங்குவது, கேள்வித்தாளைக் கேட்டு டேப்லெட்டில் பதிவது, சில மாதம் கழித்து அதே பிள்ளையைத் தேடிப் பிடித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பது, சாயங்காலம் எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்புவது, இவைதான் நம் வேலை. எழுதினால் நாலு வரி. அந்தத் தேடிப் பிடிப்பதில் பாதி உயிர் போய்விடும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிரே ஒரு பிள்ளை கண் கலங்கி உட்கார்ந்திருக்கும். நம் வாயில் ஆறுதல் வார்த்தை வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். தண்ணீர் கொடுக்கலாம். சும்மா கூட இருக்கலாம். "இன்னிக்கு இதோட நிறுத்திக்கிடலாமா?" என்று கேட்கலாம். ஆனால் "கவலைப்படாதம்மா, நீ இப்படிச் செய்" என்று ஆரம்பித்தோமானால், ஆலோசனை தரும் அக்காவுக்குப் போட்டியாக நாமும் ஒரு கடை திறந்த மாதிரி. அப்புறம் எதனால் அந்தப் பிள்ளை தேறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

என்ன படித்திருக்க வேண்டும்?

எம்.எஸ்.டபிள்யூ., உளவியல், நர்சிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். சேர்ந்த பிறகு ஜி.சி.பி. என்ற ஆய்வு நெறிப் பயிற்சி கட்டாயம். எம்.ஏ. உளவியல் முடித்தவுடன் ஊரில் 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். சிரித்துக்கொண்டு விட்டுவிடாமல் திருத்துங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அது வேறு படிப்பு, வேறு பொறுப்பு.

"எம்புள்ளைய வச்சு மருந்து சோதிக்கிறீங்களா?" என்று கேட்டால்?

கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். எங்கள் ஆய்வில் மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது. பேச்சுதான். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் அக்கா ஒருவர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து, மனசைப் போட்டு அழுத்துகிற பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார். மறுபாதிக்கு ஒரு கையேடும், உதவிக்கு எங்கே போகலாம் என்ற விவரமும். யாருக்கு எது என்பதை நாமும் முடிவு செய்வதில்லை, ஹெட்மாஸ்டரும் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

இந்தக் குலுக்கலை விளக்குவதில் நான் ஒரு தப்புச் செய்தேன். நம் பெண்களுக்குச் சீட்டுக் குலுக்கல் தெரியுமே என்று அதையே உதாரணம் சொன்னேன். பாம்பனில் ஒரு அக்கா, பாசி எடுத்து வெடித்துப்போன விரல்களைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த மாசம் எம்மகளுக்கு விழுமா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. குலுக்குச் சீட்டில் இந்த மாதம் இல்லாவிட்டால் இன்னொரு மாதம், பணம் கட்டிய எல்லாருக்கும் ஒருநாள் விழுந்தே தீரும். எங்கள் ஆய்வில் ஒரே ஒரு குலுக்கல்தான். நான் சொன்ன உதாரணமே அவருக்கு ஒரு பொய் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது. அன்றைக்கே திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அதற்குப் பிறகு, "காசு சுண்டுற மாதிரி, பூவா தலையா, ஒரே தடவை" என்று மாற்றிக்கொண்டேன். அழகில்லாத உதாரணம்தான், ஆனால் ஏமாற்றாது.

சரி, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விடுவது நியாயமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி. நானும் கேட்டேன். எனக்குப் பதில் கிடைத்தது பயிற்சி வகுப்பில் இல்லை, மீன்பிடித் தடைக்காலத்தில்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வீட்டில் வரும்படி நின்றுவிடும். அப்பா நாள் முழுக்க வீட்டில். கடன்காரர் வாசலில். இதே நாட்களில்தான் பிளஸ் டூ ரிசல்ட்டும் வரும். இந்த நேரத்தில் ஒரு பையனிடம் போய், 'எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா?' என்று கேட்டால் என்ன சொல்வான்? ஜூன் பாதியில் படகு இறங்கும். கையில் காசு புரளும். ரிசல்ட் பயம் போய்விடும், காலேஜில் சீட்டும் கிடைத்திருக்கும். ஜூலையில் போய்க் கேட்டால் அவன் பதில் மாறித்தானே இருக்கும்? நடுவில் நம் அக்கா ஐந்து வாரம் பேசியிருப்பார். 'பாருங்கள், எங்கள் ஆலோசனையில் பிள்ளைகள் தேறிவிட்டார்கள்' என்று எழுதிவிடலாம். தேற்றியது படகா, அக்காவா? கையேடு மட்டும் வாங்கிய அந்த மறுபாதியும் அதே தெருவில், அதே தடைக்காலத்தில், அதே ரிசல்ட்டோடு இருந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

நல்லது என்று நாம் நினைப்பதெல்லாம் பலன் தருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் சேஹேர் என்று ஒரு பெரிய பள்ளி ஆய்வு நடந்தது, 2018-ல் முடிவு வெளியானது. ஒரே நலத்திட்டம். சில பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்திய, உளவியல் பட்டம் இல்லாத ஆலோசகர்கள் நடத்தினார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர்களே நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழலும் பிள்ளைகளின் மனச்சோர்வும் நன்றாகவே மாறின. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் பலன் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்தால், 'வாத்தியார்களை வைத்தே செய்துவிடலாம், செலவு மிச்சம்' என்று எல்லா மாநிலத்திலும் போட்டிருப்பார்கள்.

சம்மதம் யாரிடம் வாங்க வேண்டும்?

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுவரை வாய்மொழி இசைவு, 12-க்கு மேல் 18 வரை எழுத்தில் இசைவு. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாகக் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். ஹெட்மாஸ்டர் அனுமதி என்பது பள்ளிக்குள் நுழைய மட்டும்தான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறைக்கு வாருங்கள். கீழக்கரையில் பாதி வீடுகளில் வாப்பா துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். உம்மாவுக்கு நம் மேல் நம்பிக்கை வந்துவிடும், ஆனாலும் "அவுக கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறேன்" என்பார். கேட்கட்டும். இரவு வாட்ஸ்அப்பில் தகவல் தாளைப் படம் எடுத்து அனுப்பி, மறுநாள் பதில் வரும்வரை காத்திருங்கள். 'அம்மா சம்மதம் போதுமே' என்று சட்டம் பேசி வாங்கிய கையெழுத்து, மூன்றாம் மாதம் வீட்டுக் கதவைச் சாத்திவிடும்.

மீனவர் குப்பங்களில் பிரச்சினை தலைகீழ். மகளிர் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகிய கை. "எங்கத்தா போடணும்?" என்று பேனாவை வாங்கிவிடுவார்கள், ஒரு வரி கேட்டிருக்க மாட்டார்கள். அப்போது பேனாவைக் கொடுக்காதீர்கள். "நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்று கேளுங்கள். 'இடையில் வேண்டாம் என்று தோன்றினால் நின்றுவிடலாம், அதனால் எந்த உதவியும் நிற்காது' என்பதை அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். 'லோன் எப்ப வரும்?' என்று கேட்டால் நீங்கள் விளக்கியது போதவில்லை.

பிள்ளையின் இசைவுக்கு இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். அம்மா "அவன் சொல்லுவான் கேளுங்க" என்று முதுகில் தட்டும்போது அவன் ஆட்டுகிற தலை எல்லாம் சம்மதம் ஆகாது. தனியாக வைத்துத் திரும்பக் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அம்மாவிடம் போய், "இவன் வயசு இதுக்குப் பொருந்தல" என்பது மாதிரி அவனுக்கு அடி விழாத ஒரு பதிலைச் சொல்லலாமா என்று எங்கள் குழுவில் பெரிய சண்டையே நடந்தது. பொய் சொல்லக்கூடாது என்று ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. கடைசியில், "அவனுக்கு இப்ப வேண்டாம்னு தோணுதாம், அது அவன் உரிமைம்மா" என்று நேராகச் சொல்வது என முடிவானது. அதுவே சரி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வித்தாளில் என்ன கேட்பார்கள்? படித்துக் காட்டினால் போதாதா?

உலகம் முழுக்கப் பயன்படுகிற சில கேள்வித்தாள்கள் உண்டு. மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9, அதில் ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் தொந்தரவு தந்தது என்று கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.-7, அதில் ஏழு கேள்வி. பிள்ளைகளுக்கு 25 கேள்வி கொண்ட எஸ்.டி.க்யூ. எதிலும் மதிப்பெண் அதிகம் வந்தால் நோய் என்று அர்த்தமில்லை, மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

படித்துக் காட்டினால் போதாது. 'மனச்சோர்வு' என்று முதல் வாரம் படித்தேன். "ஆமாக்கா, வெயில்ல சோர்வாத்தான் இருக்கு" என்றான் ஒரு பையன். இங்கே மனச்சோர்வு என்று யாரும் சொல்வதில்லை. "மனசு பாரமா இருக்கு", "எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது", "வெறுத்துப் போச்சு" என்பார்கள். பெரும்பாலும் அதுவும் சொல்லமாட்டார்கள், "தலை வலிக்குது, கை கால் அசதி" என்று உடம்பின் மேல் போட்டுவிடுவார்கள். மண்டபம் மறுவாழ்வு முகாமுக்குப் போனால் (அனுமதி இல்லாமல் போக முடியாது) ஈழத்துப் பேச்சு. 'கதைக்கிறது' அங்கே பேசுவது, நமக்குக் கதை விடுவது. அதற்காக ஒவ்வொருவரும் தோன்றியபடி சொல்லை மாற்றிவிட்டால் அளவுகோலே வளைந்துவிடும். மாற்ற வேண்டியதைக் குழுவில் வைத்துப் பேசி, மொழிபெயர்த்து, இன்னொருவரைக் கொண்டு மூலத்துக்குத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லி, ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அப்புறம் எல்லாரும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

'கடந்த இரண்டு வாரம்' என்பதும் தொல்லை. லீவு நாளில் பிள்ளைகளுக்கு வாரக்கணக்கு ஏது? ஆனால் கடற்கரைப் பிள்ளைக்கு அமாவாசையும் பௌர்ணமியும் தெரியும். பௌர்ணமியை ஒட்டிப் போனால், "போன அமாவாசையிலருந்து இன்னிக்கு வரைக்கும்" என்று நாளை நிலைநிறுத்திவிட்டுக் கேள்வியை அப்படியே கேட்போம். அப்புறம் 'சில நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்' என்ற வித்தியாசம். அதற்குப் பதினாலு சிப்பி வைத்திருந்தோம். "மனசு பாரமா இருந்த நாளுக்கு ஒண்ணு ஒண்ணா இந்தப் பக்கம் தள்ளு." பேசாத பையன்கள்கூடச் சிப்பியைத் தள்ளுவார்கள். மேலதிகாரியின் ஒப்புதலோடு, குழு முழுக்க ஒரே மாதிரி செய்தோம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நீங்களாகப் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

ஒன்பதாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று சொன்னால்?

செத்துப்போயிடலாம்னு, இல்ல உன்னையே காயப்படுத்திக்கணும்னு நெனப்பு வந்துச்சா? இதுதான் ஒன்பதாவது. புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள், அல்லது வேகமாக ஓடிவிடுவார்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைல்ல?" என்று இல்லை என்ற பதிலை வாயில் ஊட்டுவார்கள். செய்யாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தூக்கம் வருதா என்று கேட்ட அதே குரலில் கேளுங்கள், பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

ஆமாம் என்றால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கணக்கெடுக்கிறவர் இல்லை. டேப்லெட்டை ஓரமாக வையுங்கள். எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, இப்போதும் இருக்கிறதா, செய்துகொள்வதாக ஏதும் முடிவு உண்டா என்று ஆய்வின் நடைமுறைத் தாளில் உள்ள வரிசையில் கேட்க வேண்டும். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வெளியே போய்ப் போன் பேசக்கூடாது. அங்கிருந்தே பொறுப்பு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வீட்டில் அந்தப் பிள்ளை யாரை நம்புகிறது என்று கேட்டு, அதற்குத் தெரிந்தே அவரை வரச் சொல்ல வேண்டும். அன்றைக்கே, நாளைக்கு இல்லை. இதை ரகசியமாக வைத்திருக்க முடியாது என்பதைச் சம்மதம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்த பிள்ளையாக இருந்தாலும் இதில் வித்தியாசமே கிடையாது.

பெற்றோரின் முதல் பயம், "போலீஸ் கேஸ் ஆயிடுமா?" இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருங்கள். எத்தனையோ அம்மாக்கள் இதற்குப் பயந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் இருக்கிறார்கள்.

எண்கள்: 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள். பிள்ளைகளுக்கு 1098. இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த நினைப்பு இருந்தால், வேலையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் 14416-க்குக் கூப்பிடுங்கள்.

ரகசியம் காக்க முடியுமா? குப்பத்தில் சுவருக்கும் காது இருக்குமே?

சுவரே இல்லாத வீடுகளும் உண்டு. வீட்டுக்குள் பேசவே முடியாது. சின்னம்மா பிள்ளைகள் நாலு பேர் டேப்லெட்டை எட்டிப் பார்ப்பார்கள். நான் கண்ட நல்ல இடம் கரையேற்றி வைத்த வள்ளத்தின் நிழல். எல்லார் கண்ணிலும் படும், ஒருவர் காதிலும் விழாது. பெண் பிள்ளைகளுக்கு அது சரிவராது. அங்கன்வாடி, பள்ளி நூலகம், மாதா கோயில் பின்பக்கம் என்று பார்க்க வேண்டும். ஆண் உதவியாளர் பெண் பிள்ளையைத் தனியே உட்கார வைத்துப் பேசினால் அன்று சாயங்காலமே ஆய்வு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. ஒன்று மேலே சொன்னேன். இன்னொன்று போக்சோ. 18 வயதுக்குக் கீழான பிள்ளையின் மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்ய வேண்டியது சட்டப்படி நம் கடமை, செய்யாவிட்டால் தண்டனை. பதினேழு வயதுக் காதலும் இதற்குள்தான் வந்து விழும். அதனால் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே எதை என்னால் மூடி வைக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கேட்டுவிட்டுப் பிறகு 'சட்டம்' என்று கைவிரிப்பது துரோகம்.

பிள்ளை குலுக்கலில் எந்தப் பாதி என்று உதவியாளருக்கே தெரியக்கூடாது என்கிறார்களே, அது எதற்கு?

உங்களை நம்பாததால்தான். கோபப்படாதீர்கள், என்னையும் நம்பவில்லை. ஆலோசனை கிடைத்த பிள்ளை என்று தெரிந்துவிட்டால், அது "பரவாயில்லக்கா" என்று இழுக்கும்போது நம் விரல் தானாக 0-க்குப் போகும். தெரியாவிட்டால், "பரவாயில்லன்னா எத்தனை நாள்?" என்று கேட்போம். இந்தச் சின்ன வித்தியாசம் நூறு பிள்ளைகளில் சேர்ந்தால் ஆய்வே கவிழ்ந்துவிடும்.

ஆனால் ஊரில் எதை மறைக்க? வாசலில் கால் வைக்கும்போதே அப்பத்தா, "வாத்தா, அந்த வாராவாரம் வர்ற புள்ள சௌக்கியமா?" என்று உடைத்துவிடும். அப்படித் தெரிந்துவிட்டால் மறைக்காமல் படிவத்தில் குறித்துவிட்டு, அடுத்த முறைக்கு வேறு உதவியாளரை அனுப்பச் சொல்ல வேண்டும். பேட்டி தொடங்கும் முன்பே, "யாரு வந்தாக, என்ன பேசினாகன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க" என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டால் பாதி தப்பிக்கலாம்.

எந்த நாளில் போனால் ஆள் இருப்பார்கள்?

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் விசைப்படகு போவது திங்கள், புதன், சனி. மற்ற நாளில் நாட்டுப்படகு. படகு திரும்பிய காலையில் போகாதீர்கள், வீடே மீனும் கணக்குமாக இருக்கும். கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்து மத்தியானம் நல்ல நேரம். கீழக்கரை, தொண்டியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை விடுங்கள், ரமலானில் சாயங்காலம் கதவைத் தட்டாதீர்கள். பாசி எடுக்கும் பெண்கள் விடியலில் போய்விடுவார்கள். மார்ச் பரீட்சையில் எந்த ஹெட்மாஸ்டரும் உள்ளே விடமாட்டார். இலங்கைக் கடற்படை நம் படகைப் பிடித்துக்கொண்டு போனதாகச் செய்தி வந்த அன்று அந்தத் தெருப்பக்கமே கேள்வித்தாளோடு போகாதீர்கள். ஒருமுறை தெரியாமல் போய்விட்டேன். கேட்க ஒன்றும் இல்லை, உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஆள் கிடைக்காமல் போவதுதான் பெரிய நஷ்டம். திருப்பூர், சென்னை, வளைகுடா என்று பையன்கள் கிளம்பிவிடுவார்கள். சிம் மாறிவிடும். கிளம்பினவர்களும் இருப்பவர்களும் ஒரே மாதிரியான பிள்ளைகள் இல்லை என்பதால், இருப்பவர்களை மட்டும் வைத்து முடிவு சொன்னால் தப்பாகிவிடும். அதனால் முதல் நாளே மூன்று எண் வாங்குங்கள். ஒன்று அவனது, ஒன்று அம்மாவுடையது, மூன்றாவது அவன் எங்கே போனாலும் பேசுகிற ஒரு நண்பனுடையது. மூன்றாவதுதான் கைகொடுக்கும். அந்த நண்பனிடம் பேசும்போது மனநல ஆய்வு என்று உளறிவிடாதீர்கள்.

ஏர்வாடி பற்றிப் பேச்சு வருமா?

மனசு என்று வாயெடுத்தாலே வரும். "எங்க புள்ளைய ஏர்வாடிக்கு அனுப்பப் போறீங்களா?" என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவைச் சுற்றி இருந்த மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இப்போது நாம் சம்மதம் கேட்கிற பெற்றோர். யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017 சட்டம் சொல்வதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் தர்காவுக்குப் போவதைக் கேலி செய்யாதீர்கள். இந்துவும் கிறிஸ்தவரும்கூட அங்கே போகிறார்கள். துவாவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்ற ஏற்பாடு அங்கேயே வந்துவிட்டது. "அங்க போனாலும் டாக்டரையும் பாருங்க" என்றால் கேட்பார்கள். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரை எங்கே, எந்த நாளில் பார்க்கலாம் என்பதைக் கையில் எழுதி வைத்திருங்கள்.

வெயிலில் அலைய முடியாமல் சிலர் படிவத்தை டீக்கடையில் உட்கார்ந்து நிரப்புவார்களாமே?

நிரப்பியவரை எனக்குத் தெரியும். பிடிபட்டார். டேப்லெட்டில் நேரம் பதிவாகும், 25 நிமிடக் கேள்விகள் நாலு நிமிடத்தில் முடிந்திருந்தன. அவருடைய எல்லாப் பேட்டியையும் திரும்ப எடுத்தோம், எங்கள் இரண்டு மாதம் போனது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

சம்பளம்?

அதை வைத்து வீடு கட்ட முடியாது. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, திட்டப் பணம் தீர்ந்தால் வேலையும் தீரும். பெட்ரோல் காசு தனியாக உண்டா, எந்தத் தேதியில் வரும் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு அது மூன்று மாதம் தள்ளித்தான் வந்தது.

கேட்டுக் கேட்டு நம் மனசு கெட்டுவிடாதா?

கெடும். எட்டாவது மாதம் எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. ஒரு நாள் வேலை முடிந்து பி.எச்.க்யூ.-வை எனக்கே போட்டுப் பார்த்தேன், வந்த எண் பிடிக்கவில்லை. வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரோடு உட்கார்வது அதுவரை எனக்கு வருகைப் பதிவு மாதிரிதான் இருந்தது. அந்த வாரம்தான் உண்மையில் பேசினேன். பத்து நாள் களத்துக்கு அனுப்பவில்லை, பதிவு சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேட்டிதான் என்ற வரம்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். எனக்கு நாலுக்கு மேல் முடியாது. உங்கள் சொந்தப் போன் எண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்லும்போது குற்றவுணர்ச்சி வருகிறது, ஆனாலும் கொடுக்காதீர்கள். நடுராத்திரி உங்கள் போன் அணைந்திருக்கலாம், 14416 அணைந்திருக்காது.

முடிவு என்ன ஆனது என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்களா?

சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் சொல்வதில்லை. ஆய்வு தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருப்பார்கள், எதை அளக்கப் போகிறோம் என்பதும் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் மூக்கையூர் அம்மா அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அதனால் ஊருக்கு ஒரு கூட்டம் என்று எங்கள் குழு கேட்டு வாங்கியது. சேரும்போதே நீங்களும் கேளுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

'இந்த வேலை ஏன் பிடிக்கும்?' என்று ஒன்று கேட்பார்கள், அதற்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். நடித்துக் காட்டச் சொல்வதில்தான் ஆளைப் பார்ப்பார்கள். எனக்கு எதிரே ஒருவர் பேசாத பையனாக உட்கார்ந்தார். நான் கேள்வியை மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டேன். "ஒரு தடவை கேட்டுட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றார் பிறகு. எப்படியோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பைக் ஓட்டத் தெரியுமா என்று கட்டாயம் கேட்பார்கள். தெரியாவிட்டால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சாயல்குடியில் இறங்கி மூக்கையூர் பஸ்ஸுக்கு நின்றீர்களானால், நீங்கள் போய்ச் சேருவதற்குள் பையன் வலை இழுக்கப் போயிருப்பான்.